மௌரீனின் புறங்கை

மௌரீன் எந்த இரும்பையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். வலது கை விரல்களைச் சற்றே உள்ளே மடக்கி, நடுவிரல் முட்டிக்குப் பக்கத்தில் உள்ள தோலால் ஒரு சின்னத் தொடல். பூனை ஒரு கிண்ணத்தை மோந்து பார்ப்பதுபோல. ஒரு கணம் நிற்பார். அப்புறம்தான் கை திரும்பும், பிடிக்கும். பஸ் கம்பி, கம்பெனி கேட், பீரோவின் கைப்பிடி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். ஒருமுறை மடிவாளாவில் கிளம்பிவிட்ட பஸ்ஸில் ஓடி ஏறியபோதுகூட கம்பியைப் புறங்கையால் தட்டிவிட்டுத்தான் பிடித்தார். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கத்தினார். மௌரீன் சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்கினார்.

ஏன் இப்படி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

"எங்கப்பா மைன்ஸ்ல எலக்ட்ரீசியன். அவுரு சொல்லிக் குட்த்தது. உள்ளங்கையால தொட்டா கரண்டு கையை மூடிக்கும், வுடாது. புறங்கைன்னா தள்ளி வுட்ரும்."

கோலார் தங்கவயல்காரர்கள் கம்பெனியில் மௌரீனையும் சேர்த்து மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் இப்படித் தொடவில்லை. எனக்கு அதிகம் பேச வராது. அதனால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இது 1996. ஓசூர் போகும் வழியில் பொம்மசந்திராவில், மருந்து வாசனை வீசும் ஒரு தொழிற்சாலைக்குப் பின்புறம் எங்கள் கம்பெனி. மொத்தம் இருபத்திரண்டு பேர். நாங்கள் செய்தது ஒரு விதமான பெரிய கணிப்பொறி. பெரியது என்றால் உண்மையில் பல சின்னக் கணிப்பொறிகளை ஒரே கூண்டில் வரிசையாகச் செருகி, கேபிள்களால் ஒன்றோடொன்று பேச வைத்து, ஒரு கணக்கை எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது. ஒவ்வொரு சின்னக் கணிப்பொறிக்கும் நோட் என்று பெயர். எல்லா நோட்டும் தன் பங்கை முடித்தால்தான் அடுத்த கட்டம். ஒன்று வாய் திறக்காவிட்டால் மீதி எல்லாம் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கும். நான் அங்கே புரோகிராம் எழுதினேன். மௌரீன் கேபிள் செய்தார்.

கேபிள்தானே என்று நினைக்கக் கூடாது. தலைமுடி மாதிரியான கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி, நுனி சீவி, ஒவ்வொன்றையும் ஓர் ஊசிக்குள் வைத்து அழுத்தி, அந்த ஊசிகளை வரிசையாகக் கனெக்டருக்குள் செருக வேண்டும். ஓர் ஊசி அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றால் போதும், அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்காது. மௌரீனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஏழு வருஷமாக இந்த வேலை, ஏழு வருஷமும் கான்ட்ராக்ட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் கையெழுத்து. இந்தத் தடவை, புது மெஷினை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் பர்மனெண்ட் என்று எங்கள் மேனேஜர் சீனிவாசராகவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

மௌரீனுக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஈ.எஸ்.ஐ. கார்டு. அவருடைய அப்பாவுக்கு நெஞ்சில் கல்தூசி. இருபத்தெட்டு வருஷம் பூமிக்கு அடியில் கம்பி இழுத்தவர், அந்த வருஷம் வீட்டு வாசற்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். கார்டு இருந்தால் அவரையும் அதில் சேர்க்கலாம், ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். சம்பளம் எவ்வளவு ஏறும் என்று மௌரீன் கேட்டு நான் பார்த்ததில்லை. "கார்டு எப்ப சார் வரும்?" என்றுதான் கேட்பார்.

மௌரீன் விவேக் நகரில் சித்தி வீட்டில் இருந்தார். நான் அடுத்த ஈஜிபுராவில் ஓர் அறையில். காலையில் பெரும்பாலும் ஒரே பஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "மேடம்" என்று கூப்பிட்டேன். "மேடம்னு சொல்லாதீங்க, கான்வென்ட் சிஸ்டர் மாதிரி கீது. மௌரீன்னே கூப்புடுங்க" என்றார். ஏழு வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதிலிருந்து எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய் நிற்பேன், அவர் திரும்பும்வரை.

பஸ்ஸில் நான் கையில் ஒரு மெலிந்த புத்தகம் வைத்திருப்பேன். ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் புக்கு இது? பாதிப் பக்கம் காலியா கீது?"

"கவிதை."

"மீதிக்கி இங்க் தீந்துட்ச்சா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஆனால் அடுத்த வாரம் அவரே, "இன்னிக்கி இன்னா கவித?" என்று கேட்டார். எட்டு வரி படித்தேன், பஸ் இரைச்சலில் எவ்வளவு கேட்டதோ. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "பரவால்ல. கொஞ்சமா பேசுது. உங்கள மாதிரி" என்றார். என் படிப்பைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு நல்லதாக எதுவும் சொன்னதில்லை.

அந்தப் புது மெஷினில் முப்பத்திரண்டு நோட். இருபத்துநான்கு எங்களுடையவை. மீதி எட்டும் வெளியே வாங்கியவை. வாடிக்கையாளரான ஆய்வுக்கூடம் கேட்ட வேகம் எங்கள் போர்டுகளுக்கு இல்லாததால், ஐரோப்பாவிலிருந்து ஒரு கம்பெனியின் எட்டு நோட்டுகளை அவர்களுடைய பெட்டியோடு வரவழைத்து, எங்கள் கூண்டோடு சேர்ப்பதாகத் திட்டம். சேர்ப்பதற்குப் பதினாறு கேபிள். பெட்டி மே மாதம் வந்து இறங்கியது. அதற்கென்று தனி மேசை, தனி ஃபேன், தூசி படாமல் ஒரு துணி. எலக்ட்ரீசியன் கிருஷ்ணப்பா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். ஆனேக்கல்காரர். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார், இல்லாவிட்டால் நேர்மாறு.

மாப்பிள்ளையின் பிளக் எங்கள் சுவரில் பொருந்தவில்லை. இரண்டு உருண்டைக் கால், பக்கவாட்டில் பித்தளைத் தகடு. கிருஷ்ணப்பா அன்று லீவு. "அசோகன், எஸ்.பி. ரோடு போய் ஒரு அடாப்டர் வாங்கிட்டு வந்துடு" என்றார் சீனிவாசராகவன். போனேன். கடைக்காரர் நான்கைந்து காட்டினார். அதில் நம் ஊர் சுவருக்கு ஏற்ற மாதிரி மூன்று கால் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். சரியாகப் பொருந்தியது. விளக்கு எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

தொல்லை அடுத்த நாளே தொடங்கியது. மெஷின் எழுந்ததும் ஒவ்வொரு நோட்டும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல. எங்கள் இருபத்துநான்கும் கண் இமைப்பதற்குள் சொல்லிவிடும். மாப்பிள்ளை வீட்டு எட்டுப் பேரில் ஒருநாள் ஆறு பேர், ஒருநாள் எட்டு, ஒருநாள் மூன்று. எட்டும் வந்த நாளில்கூடப் பத்து நிமிஷம் கணக்குப் போட்டுவிட்டு நடுவில் ஒன்று மௌனமாகிவிடும். மற்ற முப்பத்தொன்றும் அதற்காகக் காத்திருக்கும். என் புரோகிராமை ஆறு தடவை மாற்றி எழுதினேன். பயனில்லை.

ஐரோப்பாவுக்கு ஃபேக்ஸ் போயிற்று. பதில் ஒரே வரி: எங்கள் நோட்டுகள் நன்றாக இருக்கின்றன, உங்கள் கேபிள்களைச் சோதிக்கவும்.

அந்தத் தாளை சீனிவாசராகவன் மௌரீனின் மேசையில் வைத்தார். கெட்டவர் இல்லை. அவருக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து தினமும் போன் வந்துகொண்டிருந்தது.

"பாரும்மா. இருபத்தேழாம் தேதி அவா வந்து பாக்கறா. முப்பதாம் தேதி உன் கான்ட்ராக்ட் முடியறது. கேபிள்தான் காரணம்னா என்னால மேல போய் பேச முடியாது. ஊசி தூக்கிண்டிருந்தா விரலால தடவினாலே தெரியுமே, இல்லையா?"

"தெரியும் சார்" என்றார் மௌரீன்.

அவ்வளவுதான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒன்று சொல்லாமல் விடாதவர். கேன்டீனில் எல்லாரும் கர்சீப்பால் பிடிக்கும் டீ கிளாஸை வெறும் விரலால் தூக்கிக் குடித்துவிட்டு, "தங்கவயல் கை சார் இது" என்பவர். தன் கேபிளைக் குறை சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வெட்டி, புதிதாகச் செய்து, மாட்டினார். மூன்று வாரத்தில் பதினாறையும் இரண்டு தடவை மாற்றிவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வோர் ஊசியாகப் பார்ப்பார். கண் சிவந்துபோகும். மாப்பிள்ளை மாறவில்லை.

ஜூன் இருபத்திரண்டு, சனிக்கிழமை. அரைநாள். மௌரீன் பதினாறு கேபிளையும் மொத்தமாகக் கழற்றி ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார். சனிக்கிழமைகளில் அவர் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவார். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் இரண்டு மூன்று கேபிளை எடுத்துப் போயிருந்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும். ஊரில் போய் எப்படிச் செய்வார், கருவியெல்லாம் இங்கே இருக்கிறதே என்று தோன்றியது. பக்கத்தில் போய் நின்றேன். திரும்பினார்.

"இன்னா சார்?"

"ஒண்ணுமில்ல."

"ஜெபம் பண்ணப் போறேன் சார், கேபிளுக்கு" என்றார். சிரிப்பு முழுசாக வரவில்லை.

திங்கட்கிழமை. இரவெல்லாம் மழை. நான் எட்டரைக்குப் போனபோது லேப் தரையை அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள், மொசைக் ஈரமாகப் பளபளத்தது. எங்கள் லேபுக்குள் செருப்பு, ஷூ எதுவும் கூடாது. வாசலில் ஒரு மரப் பலகை, அதில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். எஞ்சினியர்கள் ஷூ போட்டு வருவதால் சாக்ஸோடு நடப்போம். மௌரீன் செருப்பில் வருபவர், அதனால் வெறுங்கால்.

மௌரீன் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பை தோளில்.

"சார், இங்க வாங்க."

போனேன்.

"இதத் தொடுங்க."

பெட்டியின் பின்புறத் தகட்டைத் தொட்டேன். ஒன்றும் இல்லை.

"அப்டி இல்ல சார், புறங்கையால."

புறங்கையால் தொட்டேன். அப்போதும் ஒன்றும் இல்லை. அவர் கீழே பார்த்தார், என் காலை.

"சாக்ஸைக் கழட்டுங்க."

"என்னது?"

"கழட்டுங்க சார், உங்க சாக்ஸ எவன் திருடப் போறான்? வெரல்ல ஓட்டை வேற கீது."

கழற்றினேன். ஈரத் தரை உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. மறுபடியும் புறங்கையைத் தகட்டின் மேல் வைத்தேன். தோலுக்கு அடியில் யாரோ மணலைச் சலிப்பதுபோல ஓர் ஊறல். வெடுக்கென்று கையை இழுத்தேன்.

"வருதா?"

"வருது."

"உங்க மாப்புள இன்னும் தரையில கால் வெக்கல சார். அந்தரத்துல நிக்கிறாரு. அதான் நம்ம ஆளுங்களோட பேச்சு ஒட்ட மாட்டேங்குது."

எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. பெட்டிக்கு எர்த் வரவில்லை. கேபிள்கள் மாட்டியிருந்தவரை அவற்றின் வழியாகவே எப்படியோ கொஞ்சம் கசிந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதனால் தொட்டவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கசிவுதான் கேபிளில் போகும் பேச்சையும் கெடுத்திருக்கிறது. பதினாறும் ஒரே நேரத்தில் கழன்று, தரையும் ஈரமாகி, வெறுங்காலோடு ஒருவர் புறங்கையால் தொட்டது அன்றைக்குத்தான்.

கிருஷ்ணப்பா வந்தார். "ஏன் மேடம், ஷாக் ஹொடீதா?" என்று கேட்டுக்கொண்டே டெஸ்டரை வைத்துப் பார்த்தார். அது லேசாக எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினார். நான் எஸ்.பி. ரோட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய அடாப்டரின் திருகைக் கழற்றி இரண்டாகப் பிளந்து மேசை மேல் வைத்தார். மூன்றாவது கால் தனியாக பிளாஸ்டிக்கில் குத்தப்பட்டிருந்தது. உள்ளே அதற்கு ஒரு கம்பிகூடக் கிடையாது.

"சும்மா ஷோக்கு வெச்சிருக்கான்" என்றார் கிருஷ்ணப்பா.

பத்து மணிக்கு சீனிவாசராகவன் வந்தார். பிளந்து கிடந்ததைப் பார்த்தார்.

"இது யாரு வாங்கினது?"

மௌரீனுக்குத் தெரியும், கைதட்டியவர்களில் அவரும் ஒருவர். என்னைப் பார்க்கவே இல்லை.

"வுடுங்க சார், எர்த்து குட்த்துட்டா முடிஞ்சிது" என்றார்.

"இரும்மா. இது ஒரு காரணமா இருக்கலாம். கேபிளும் இருக்கலாமில்லையா? ரெண்டையும் கலந்துண்டு குழப்பிக்கப்படாது."

ஒரு வார்த்தையில் பழி மறுபடி மௌரீனின் மேசைக்கே போய்விடும் போலிருந்தது. சாக்ஸ் இரண்டும் கையில் சுருண்டிருந்தன.

"நான்தான் சார் வாங்கினேன். மூணு கால் இருந்தது, அதனால எர்த் இருக்கும்னு நினைச்சேன். உள்ள பார்க்கல. மூணு வாரமா என் தப்புக்கு அக்கா கேபிள் பண்ணிட்டிருக்காங்க. அவங்க கேபிள்ல ஒண்ணுமில்ல சார்."

அந்தக் கம்பெனியில் அதுவரை நான் மூச்சு விடாமல் பேசிய நீளமான பேச்சு அதுதான். சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி. எர்த் குடுத்துட்டு ஓட்டு, பாப்போம்."

கிருஷ்ணப்பா கட்டைவிரல் கனமுள்ள பச்சைக் கம்பி ஒன்றை மாப்பிள்ளையின் உடம்பிலிருந்து எங்கள் கூண்டுக்கு இழுத்து முடுக்கினார். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர் பிளக் போட்டார். மௌரீன் பையிலிருந்து கேபிள்களை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினார். கடைசியில் தகட்டைப் புறங்கையால் தொட்டு, ஒரு கணம் நின்று, தலையாட்டினார். நான் மெஷினை எழுப்பினேன்.

முப்பத்திரண்டு ஆஜர்.

பத்து நிமிஷம். முப்பத்திரண்டு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தோம். முப்பத்திரண்டு. ஐந்து மணிக்கு சீனிவாசராகவன் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்துவிட்டு, "மௌரீன், ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொண்டு வா. அப்பாவோடதும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மௌரீன், எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும், "சார், உங்களுக்கு வாய் கீதே!" என்றார். கொஞ்சம் கழித்து, "அக்கான்னு சொன்னீங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆய்வுக்கூடக்காரர்கள் இருபத்தேழாம் தேதி வந்து, மூன்று நாள் விடாமல் ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்கள். ஆகஸ்டில் கார்டு வந்தது. பஸ்ஸில் அதைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அப்பா ஆரோக்கியசாமியின் முகம், ஸ்டுடியோ விளக்கில் திகைத்துப்போய். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள். தூசி போகவில்லை, மூச்சு கொஞ்சம் இலகுவாயிற்று. ஐந்து வருஷம் இருந்தார். அதில் இரண்டு கிறிஸ்துமஸுக்கு விவேக் நகர் வீட்டில் அவர் கையால் ரோஸ் குக்கி வாங்கித் தின்றிருக்கிறேன்.

என் தவறுக்காக மௌரீன் என்னிடம் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. மூன்று வாரம் கண் சிவக்கச் செய்த வேலையை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. "மூணாவது காலு இன்னா ஆச்சு சார்?" என்று எப்போதாவது கேட்டுச் சிரிப்பார், அவ்வளவே. நன்றி சொல்லும் வித்தை எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து லேபுக்குள் சாக்ஸ் போட்டு நடந்ததில்லை. வேறு கம்பெனிகளுக்குப் போன பிறகும், குளிரூட்டிய அறைகளிலும், வெறுங்கால்தான். ஏனென்று கேட்பார்கள். புது மெஷினைத் தொடும் முன் ஒருமுறை புறங்கையை வைப்பேன். அதையும் கேட்பார்கள். தங்கவயல் வழக்கம் என்று சொல்லிவிடுவேன்.

கம்பெனி 1999இல் மூடியது. மௌரீன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார், இப்போது அங்கே கேபிள் பிரிவே அவர் பொறுப்பில்.

2003இல் ஒரு வியாழக்கிழமை, விவேக் நகரில் குழந்தை இயேசு கோயில் கூட்டத்துக்குள் மௌரீனின் தம்பி சாமுவேலைப் பார்த்தேன். ஓரமாக நின்று டீ குடித்தோம். அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தத் திங்கட்கிழமைக் கதையை அவனிடம் சொன்னேன். எந்தக் கருவிக்கும் தெரியாததை உங்கள் அக்கா கை கண்டுபிடித்தது என்றேன். சாமுவேல் கிளாஸைக் கீழே வைத்தான்.

"அந்தக் கையா சார்? அதுல கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் செத்துப் பூட்ச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

மௌரீனுக்குப் பதினொரு வயதில், பள்ளிக்கூடச் சீருடைக்கு இஸ்திரி போடும்போது, தோல் உரிந்த ஒயரை அந்த இரண்டு விரலால் பிடித்திருக்கிறார். கை மூடிக்கொண்டது. அம்மா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கும்வரை விடவில்லை. காயம் ஆறிவிட்டது, உணர்ச்சி திரும்பவில்லை. புறங்கையால் தொடும் பாடத்தை அப்பா சொல்லிக் கொடுத்தது அதற்கு அடுத்த வாரம்.

"சூடு தெரியாது, ஊசி குத்தினாக்கூடத் தெரியாது. கம்பெனிக்குத் தெரிஞ்சா கேபிள் வேலை குடுக்க மாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. கண்ணாலதான் செய்யும். அதனால தப்பு தன்னோடதுதான்னே நெனச்சிக்கிட்டு இருந்துச்சு சார், அந்த மூணு வாரமும். சனிக்கெழம மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டு வரும். பதினாறையும் என் மடியில கொட்டி, ஊசி ஊசியா என்னைத் தடவிப் பாக்கச் சொல்லும். எல்லாம் சமமாத்தாங்க்கா கீதுன்னு சொன்னேன். இன்னொரு தபா பாருன்னுச்சு."